வீட்டுமுற்றத்தில் கூட்டெரு

மலையாள நாட்டில் வந்து குடியேறிய தமிழருக்குத் தொடக்கத்தில் சிறு மயக்கம் தரும் சொற்களுள் 'வளம்' என்பதும் ஒன்று. நமக்கு வளம் என்றால் செழிப்பு. இங்குள்ளோருக்கு வளம் என்றால் எரு. விளைவின் பெயரையே அதன் காரணத்திற்கும் சூட்டிவிட்டார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இத்தகைய சொல்மாற்றம் இன்பம் தருவது. ஆயினும் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சொல் அன்று. அச்சொல் குறிக்கும் பண்டம். திருவனந்தபுரத்தில் மூன்று சென்ட் மனையிலோ, வலியசாலை, கரமனை அக்கிரகாரங்களைப் போன்று சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டின் குறுகிய கொல்லையிலோ அதனை எவ்வாறு ஆக்கிக்கொள்வது என்பதே பொருள்.

இந்நகரில் இது தோட்டக்காரரின் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடவில்லை. 2000-ஆம் ஆண்டில் நகருக்குக் கிழக்கே விளப்பில்சாலை என்னும் சிற்றூரில் குப்பையை எருவாக்கும் பெரிய ஆலை ஒன்று தொடங்கப்பெற்றது. நகரத்தார் குப்பையை வாயிலில் வைத்தனர். வண்டிகள் ஏற்றிச் சென்றன. அதன்பின் அதைப் பற்றி நினைப்பார் இலர். நினைக்க வேண்டியவர்கள் விளப்பில் ஊரார் ஆயினர். நாற்றமும் ஈயும் வீட்டினுள் புகுந்தன. குவியலிலிருந்து கசிந்த கருநீர் ஓடையிற் கலந்தது. பல்லாண்டுகள் முறையிட்ட பின்னர், 2011 டிசம்பரில் ஆலை பூட்டப்பட்டது. நீதிமன்ற ஆணையும் காவல்துறையின் துணையும் இருந்தும் 2012-இல் அதனை மீண்டும் இயக்க இயலவில்லை. பெண்களும் முதியோரும் சாலையில் அமர்ந்து வண்டிகளை மறித்தனர்.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. மூடப்பட்டது வெறும் குப்பைமேடு அன்று, எரு ஆலை. மட்குதல் என்னும் அதே இயற்கைத் தொழில் அங்கே தோற்றது. வீட்டுப் பானையிலோ எளிதில் வெல்கிறது. இதற்குக் காரணம் யாது? ஆலைக்கு வந்தது கலவை. வாழைத்தோலும் பாலித்தீன் உறையும் கண்ணாடித் துண்டும் ஒரே மூட்டையில், பெருமழையில் நனைந்து வந்தன. காற்றுப் புகாத ஈரக் குவியலில் நல்ல நுண்ணுயிர்கள் வாழா; காற்றின்றி வாழும் வேறு வகையினவே பெருகும்; நாற்றம் அவற்றின் வேலை. ஒருமுறை கலந்துவிட்டதைப் பின்னர் எந்தப் பொறியாலும் செவ்வையாகப் பிரிக்க முடிவதில்லை. பிரிப்பதற்கு ஏற்ற இடம் காய் நறுக்கும் கை ஒன்றே. அங்கே அஃது ஒரு நொடி வேலை.

ஆலை நின்ற பின் நகரின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. தெருவோரங்களில் குப்பை எரிந்தது. உறையிற் கட்டிய மூட்டைகள் கால்வாய்களில் வீழ்ந்தன. அப்பழக்கம் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. 2024 ஜூலையில், தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியிற் செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரால் இழுத்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள் உடலே கிடைத்தது. நாம் வீசும் மூட்டையை என்றோ ஒருநாள் ஒரு மனிதர் இறங்கி எடுக்க வேண்டியுள்ளது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

பெரிய ஆலைக்கு மாற்றாக மாநகராட்சி வீடுதோறும் எருவாக்கும் வழியை நாடியது. முதலில் வந்தவை குழாய்கள். ஏறத்தாழ எட்டங்குல விட்டமுள்ள இரு குழாய்களை மண்ணில் நட்டு, ஒன்று நிரம்பியபின் மற்றொன்றில் இடுவர். மண் ஈரம் ஊறும் இவ்வூரில் குழாய்க்குள் காற்று போதாமையால் பலர் அதைக் கைவிட்டனர் என்பதில் வியப்பில்லை. பின்னர்ப் பரவிய அடுக்குத் தொட்டிகளே மேல். துளையிட்ட மூன்று தொட்டிகள் அல்லது மட்பானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அடியில் தேங்காய்நார்த் துகள் பரப்பி, அன்றாடக் கழிவைச் சிறு துண்டுகளாக்கி இட்டு, அதன்மேல் ஒரு பிடி துகளைத் தூவி மூடவேண்டும். இத்துகளை இங்கே சகிரிச்சோறு என்பர். நுண்ணுயிர் ஊட்டியதாகவும் விற்கிறார்கள். நிரம்பிய தொட்டியைக் கீழே இறக்கிவிட்டால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் எரு ஆகிவிடும்.

துகள் எதற்கு என்று கேட்கலாம். சமையற்கழிவில் தழைச்சத்தும் நீரும் மிகுதி, கரிச்சத்து குறைவு. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு கரிச்சத்து வேண்டும். சருகு, மரத்தூள், நார்த்துகள் ஆகியவை அக்குறையை நிரப்புவதோடு ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்கு வழியும் விடுகின்றன. ஆகவே தொட்டி நாறினால் மருந்து தேடி அலைய வேண்டா. உலர்ந்த பொருளை இரு மடங்காக இட்டுக் கிளறினாற் போதும்.

சர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் இந்தூரில் இருந்து ஆராய்ந்து, யஷ்வந்த் வாட் என்பவருடன் 1931-இல் நூலாக வெளியிட்ட முறையும் பச்சையும் உலர்ந்ததும் சாணமும் அடுக்கிக் கிளறுவதே. ஆயின் அவருடைய குவியல் பெரிது. உள்ளே சூடு மிகும். அச்சூட்டில் நோய்க்கிருமியும் களைவிதையும் மடியும். நம் தொட்டி சிறிது, அவ்வளவு சூடேறாது. ஆகையால் நோயுற்ற செடி, விதை முற்றிய களை, நாய் பூனையின் கழிவு ஆகியவற்றை இதில் இடுதல் கூடாது. மீன்முள்ளும் எண்ணெய்ப் பண்டமும் எலியை அழைக்கும். கஞ்சித் தண்ணீரையும் சாம்பாரையும் அப்படியே கொட்டுவது பெரும்பாலோர் செய்யும் பிழை, வடித்து இடுக. தேங்காய்ச் சிரட்டை ஆண்டுக்கணக்கில் மட்காது.

இவ்வூரின் தனிச்சிக்கல் மழை. தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இருபருவத்து மழையையும் பெறும் நகரம் இது. தொட்டி தாழ்வாரத்தின் கீழோ, ஓட்டிறப்பின் அடியிலோ நிற்கட்டும். அடித்தட்டில் சேரும் நீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை எடுத்து, பத்து மடங்கு நீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். மூடியின் குழிவில் மழைநீர் தேங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்க. டெங்குக் கொசுவுக்கு அவ்வளவு நீரே போதுமானது.

தொட்டியில் பழுப்பு நிறப் புழுக்கள் நெளிவதைக் கண்டு இல்லத்தரசியர் அஞ்சி அதை மூடிவைத்துவிடுவதுண்டு. அவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈ என்பதன் குஞ்சுகள். கழிவை விரைந்து தின்று தீர்க்கும். வளர்ந்தபின் ஈ நம்மைக் கடிப்பதும் இல்லை, உணவை மொய்ப்பதும் இல்லை. விரும்பாதோர் உலர்துகளைத் தடிப்பாக மூடினால் அவை குறையும்.

பழுத்த எரு கருத்து, பொலபொலவென்று உதிர்ந்து, முதல் மழையில் நனைந்த மண்ணின் மணம் தரும். இட்ட பொருளின் உருவம் தெரியாது. அரைகுறையாக மட்கியதை வேரில் இட்டால், மட்கும் வேலையை முடிக்க நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும். ஒரு பங்கு எருவுக்கு மூன்று பங்கு மண் என்ற அளவில் கலந்து தொட்டிச் செடிகளுக்கு இடலாம். கறிவேப்பிலையும் வெண்டையும் கத்தரியும் இவ்வூர்ச் செம்மண்ணில் இவ்வெருவால் நன்கு தழைக்கும்.

நம்மவரில் வாடகை வீட்டில் இருப்போர் பலர். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவும் வரும். குழி வெட்டினால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பானை அடுக்கு நம்மோடு வரும். எருவை அயல்வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு ஒரு படி மட்டும் பையில் எடுத்துச் செல்க. புது ஊரில் முதல் தொட்டிக்கு அதுவே உறைமோர்.