வீட்டுக்குக் காரியஸ்தர் வேண்டுமா?

வாடகை வீட்டைப் பற்றி மாணவர்க்கு என்ன பேச்சு என்று நீங்கள் எண்ணலாம். உங்களுள் பலர் வாடகை வீட்டில் வளர்கின்றீர்கள்; சிலர் நாளை வீட்டுக்காரர் ஆவீர்கள். இவ்விருவர்க்கும் நடுவே நிற்கும் மூன்றாமவர் ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். சொத்து மேலாளர் என்று இக்காலத்தில் வழங்கப்பெறும் அவரைக் காரியஸ்தர் என்று சொல்வதே எனக்குப் பழக்கம்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் புனேயில் பொறியாளராக இருக்கின்றார். தந்தையார் மறைந்தபின் கும்பகோணத்தில் இரண்டு வீடுகள் அவர் பொறுப்பில் வந்தன. ஒரு மழைக்காலத்தில் பின்கட்டுச் சுவர் ஊறத் தொடங்கிற்று. குடியிருந்த மூதாட்டியார் மும்முறை தொலைபேசியில் சொல்லியும், 'அடுத்த மாதம் வருகின்றேன்' என்றே இவர் விடையிறுத்து வந்தார். ஓர் இரவு அச்சுவரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அவ்வம்மையார் அன்று முன்கூடத்தில் படுத்திருந்தமையால் உயிர் தப்பினார். அதன் பின்னரே, "ஐயா, காரியஸ்தர் ஒருவரை அமர்த்தலாமா?" என்று எனக்கு எழுதினார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வீடு ஒன்றுக்குத் திங்கள் வாடகை 12,000 ரூபாய் என்று கொள்வோம். நூற்றுக்கு எட்டு வீதம் ஊதியம் பேசினால், இரண்டு வீடுகளுக்கும் சேர்த்துத் திங்களுக்கு 1,920 ரூபாய்; ஆண்டுக்கு 23,040 ரூபாய். சிறு தொகையன்று. ஆனால் ஒரு வீடு இரண்டு திங்கள் பூட்டிக் கிடந்தாலே 24,000 ரூபாய் போய்விடும். புனேயிலிருந்து வந்து போகும் செலவும் விடுப்பும் வேறு. அடுத்த தெருவில் வசிப்பவர்க்கோ இதே கணக்கு நேர்மாறாக முடியும். மாலையில் நடந்து சென்று ஒழுகும் குழாயைப் பார்த்து வருவதற்கு மற்றொருவர்க்குக் கூலி கொடுப்பானேன்?

கணக்கு ஒருபுறம் இருக்க, அமர்த்தப்படுபவர் எத்தகையவர் என்பது அதனினும் பெரிது. அயர்லாந்தில் மேயோ என்னும் பகுதியில் ஏர்ன் பிரபுவுக்கு நிலங்கள் இருந்தன. அவர் வாழ்ந்ததோ வேறிடம். காப்டன் சார்லஸ் பாய்காட் என்பவர் அவருடைய காரியஸ்தர். 1880-ஆம் ஆண்டில் குத்தகையை மேலும் குறைக்குமாறு குடிகள் கேட்டனர். பாய்காட் வெளியேற்றும் ஆணைகளை அனுப்பினார். உடனே வேலையாட்கள் நின்றுவிட்டனர். கடைக்காரர் பொருள் தர மறுத்தனர். விளைந்ததை எடுப்பதற்கு வெளியிலிருந்து ஏறத்தாழ ஐம்பது பேரைப் படைக்காவலுடன் கொணர நேர்ந்தது. புறக்கணிப்புக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே சொல்லாக நிலைத்துவிட்டது. பிரபுவின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1865-இல், லண்டன் மேரில்போன் பகுதியில் ஜான் ரஸ்கின் மூன்று சிறு வீடுகளை வாங்கி, ஆக்டேவியா ஹில் என்னும் இளம் பெண்மணியிடம் ஒப்படைத்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வருவாய் கிடைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அம்மையார் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று வாடகை வாங்கினார். பாக்கி வைப்பதை அவர் பொறுத்ததில்லை. குடித்தனக்காரர் வாழ்வில் அளவுக்கு மிஞ்சித் தலையிட்டார் என்று குறை கூறுவோரும் உண்டு. எனக்கும் அவ்வெண்ணம் உண்டு. எனினும் அவர் செய்த ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. பழுதுபார்ப்பதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைத்து, அதில் எஞ்சியதைக் குடித்தனக்காரர் விரும்பிய வசதிகளுக்கே செலவிட்டார். கதவும் சன்னலும் உடையாதிருந்தால் தமக்கே ஆதாயம் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

இவற்றையெல்லாம் எண்ணி என் மாணவர்க்கு எழுதினேன்: "தம்பி, அமர்த்துவாயாக. ஆனால் உன் கடமையும் அவரோடு போய்விட்டதென்று எண்ணாதே. 2017-இல் இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த நம் மாநிலச் சட்டம் காரியஸ்தரை ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் கட்டடத்தின் பெரும் பழுதுகளும் வெள்ளையடித்தலும் வீட்டுக்காரர் பொறுப்பே. காரியஸ்தர் இன்னார், இன்னதற்கே அதிகாரம் பெற்றவர் என்பதைக் குடித்தனக்காரர் அறியவேண்டும். அதிகாரப் பத்திரத்தில் வாடகை, பழுது என்று வரையறுத்து எழுது. விற்கும் உரிமையை மறந்தும் சேர்த்துவிடாதே. வாடகை உன் வங்கிக் கணக்குக்கே நேராக வரட்டும். அம்மையாருக்கு உன் தொலைபேசி எண் எப்போதும் தெரிந்திருக்கட்டும். அவர் அழைத்தால் எடு."

கட்டட வேலையில் பழகிய உள்ளூர்க்காரர் ஒருவரை ஓராண்டுக்கு மட்டும் அவர் அமர்த்தினார். 5,000 ரூபாய்க்கு உட்பட்ட பழுதுகளைக் கேளாமலே பார்க்கலாம். ரசீது வரவேண்டும் என்பது ஒப்பந்தம். சென்ற வாரம் நான் அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டுச் சுவர் புதிதாக எழும்பியிருந்தது. நான் அதன் அருகே அமரப் போனதும் அம்மையார், "சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, சாயாமல் உட்காருங்கள்" என்றார்.