குழந்தை காணும் முதற் கூத்து

மேலைநாட்டார் தம் மக்களுக்கு முதன்முதல் 'பாலே' ஆடலைக் காட்டுவதை ஒரு சடங்கெனவே கொள்வர். கதையை முன்னரே சொல்லி, அசையாதிருக்கப் பழக்கி அழைத்துச் செல்வர். கிளிவெட்டி அமைந்த கொட்டியாரப்பற்றிலும் மட்டக்களப்பிலும் அதற்கு ஒப்பானது கூத்து.

வட்டக்களரியைச் சுற்றிலும் சபையோர் அமர்ந்திருப்பர். அண்ணாவியார் மத்தளம் முழக்கத் திரை விலகும். அரசன் வரவாட்டம் ஆடுவான். மடியிலிருக்கும் குழந்தைக்கு இதிகாசம் விளங்காது. தாளக்கட்டும் சதங்கையொலியும் விளங்கும். இடையே உறங்கினால் உறங்கட்டும். விடிய விடிய நடப்பதன்றோ கூத்து!

இவ்வனுபவம் வீண்போவதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். பின்னர் வந்த 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, கூத்து வழங்கும் மட்டக்களப்பு மண்ணில் வளர்ந்தவர்.

2006இல் சம்பூரிலிருந்து பெயர்ந்த மக்களுட் பலர், பின்னர் கிளிவெட்டியில் தற்காலிகக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். கொட்டிலில் வளரும் பிள்ளைக்குக் களரி ஏது? கண்டறியாத கூத்தை நாளை யார் ஆடுவார்?

ஆதலின் ஆசிரியரும் பெற்றோரும் ஒன்று செய்தல் வேண்டும். அயலூரில் மத்தளம் ஒலிக்கும் இரவில், பிள்ளையைத் தோளிற் சுமந்து சென்று களரியோரம் இருத்துங்கள். விளக்கம் பிறகு சொல்லலாம்.