உங்களுக்குத் தெரியுமா? 'சேவ்' ஆன கோப்பு எங்கே இருக்கிறது?

அலுவலகத்திலும் கல்லூரி லேபிலும் நாம் சேமிக்கும் கோப்புகள் பல, வேறொரு அறையில் இருக்கும் சர்வரின் டிஸ்க்கில் போய்ச் சேர்கின்றன. அவை அங்கே போய்ச் சேரும் விதம் பற்றிச் சில தகவல்கள்:

● நெட்வொர்க் கோப்பு முறைகளில் பெயர்பெற்றது என்.எஃப்.எஸ். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கியது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

● லினக்ஸில் ஒரு புரோகிராம் 'ரைட்' கட்டளை கொடுத்ததும் தரவு சர்வருக்குக் கிளம்பிவிடாது. நம் கணினியின் மெமரியிலேயே 'பேஜ் கேஷ்' பகுதியில் தங்கும். 'எழுதியாயிற்று' என்ற பதிலோ புரோகிராமுக்கு அப்போதே கிடைத்துவிடும்!

● இப்படிக் காத்திருக்கும் பக்கங்களுக்கு 'டர்ட்டி பேஜ்' என்று பெயர். யாரும் கேட்காவிட்டாலும், சுமார் 30 விநாடி கடந்த பக்கங்களை லினக்ஸ் கெர்னல் தானே அனுப்பத் தொடங்கும். மெமரியில் இடம் குறைந்தால் அதற்கு முன்பே அனுப்பிவிடும்.

● என்.எஃப்.எஸ். 2-ஆம் பதிப்பில் ஒரு தடவைக்கு 8,192 பைட்தான் அனுப்ப முடியும். ஒவ்வொரு தடவையும் தரவை டிஸ்க்கில் பதித்த பிறகே சர்வர் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. பாதுகாப்பு அதிகம், வேகம் மிகக் குறைவு.

● 1995-இல் வெளியான 3-ஆம் பதிப்பு இதற்கு வழி கண்டது. சர்வர் தரவைத் தன் மெமரியில் வாங்கிக்கொண்டு உடனே பதில் சொல்லலாம். பிறகு 'கமிட்' என்று கேட்கும்போது, எல்லாவற்றையும் டிஸ்க்கில் பதித்துவிட்டு உறுதி சொல்ல வேண்டும். அதுவரை நம் கணினி தன்னிடமுள்ள பிரதியை அழிக்காது.

● இடையில் சர்வர் மின்தடையால் அணைந்து மீண்டும் எழுந்தால்? ஒவ்வொரு பதிலோடும் சர்வர் 8 பைட் அடையாள எண் ஒன்றை அனுப்புகிறது. சர்வர் மறுபடி இயங்கினால் அந்த எண் மாறும். மாறியதைக் கண்டதும் நம் கணினி, உறுதியாகாத தரவு முழுவதையும் திரும்ப அனுப்பிவிடும்.

● கோப்பை மூடும்போது, மிச்சமிருக்கும் தரவை எல்லாம் என்.எஃப்.எஸ். சர்வருக்கு அனுப்பிவிடும். அதன் பிறகு வேறொரு கணினியில் அதே கோப்பைத் திறப்பவருக்குப் புதிய தரவு தெரியும். மூடுவதற்கு முன்பே திறந்து வைத்திருப்பவருக்கு அந்த உறுதி கிடையாது.

● சர்வரின் டிஸ்க் நிறைந்துவிட்டால் அந்தச் செய்தி 'ரைட்' நேரத்தில் வராமல் போகலாம். எழுதியதை உடனே டிஸ்க்கில் பதிக்கச் சொல்லும் 'எஃப்சிங்க்' கட்டளையைக் கேட்கும்போதோ, கோப்பை மூடும்போதோதான் தெரியவரும்.

● சர்வரின் கோப்புகளை நம் கணினியோடு இணைப்பது 'மவுன்ட்'. 'ஹார்ட் மவுன்ட்' முறையில் சர்வர் பதில் சொல்லும் வரை கணினி விடாமல் முயலும். 'சாஃப்ட் மவுன்ட்' சில முயற்சிகளுக்குப் பின் பிழை என்று கைவிட்டுவிடும். புரோகிராம் அந்தப் பிழையைக் கவனிக்காவிட்டால் கோப்பு சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம்.

● கோப்பின் கடைசியில் சேர்த்து எழுதுவதற்கென்று என்.எஃப்.எஸ்.ஸில் தனிக் கட்டளை கிடையாது. நம் கணினி கோப்பின் நீளத்தைப் பார்த்து, அந்த இடத்திலிருந்து எழுதுகிறது. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் இப்படிச் செய்தால், ஒன்றின் வரிமேல் மற்றொன்றின் வரி விழும். பல கணினிகள் ஒரே லாக் கோப்பில் எழுதக் கூடாது என்பது இதனால்தான்.

● லினக்ஸ் சர்வரில் 'அசிங்க்' என்று அமைத்தால் வேகம் கூடும். ஆனால், டிஸ்க்கில் பதியாமலே 'பதிந்தது' என்று சர்வர் பொய் சொல்லும். மின்சாரம் போனால் தரவும் போகும்.

புரோகிராம் எழுதும் நண்பர்களே, முக்கியமான தரவை எழுதியதும் 'எஃப்சிங்க்' கேளுங்கள். அதன் பதிலையும், கோப்பை மூடும்போது வரும் பதிலையும் கட்டாயம் சரிபாருங்கள். யாரோ ஒருவரின் பல நாள் உழைப்பு அந்தக் கோப்பில் இருக்கிறது!