காற்றுக்கும் இடம் கொடுத்த கட்டடம்



பெருநாள் தொழுகைக்கோ, பிள்ளைகளுடன் மாலையில் காற்று வாங்கவோ கொழும்பு காலிமுகத்திடலுக்குச் சென்றிருப்பீர்கள். திடலின் தென் அந்தத்தில் கடலையொட்டி நிற்கும் பழைய கட்டடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதுதான் 1864இல் தொடங்கப்பட்ட காலிமுக ஹோட்டல். 1894இல் எட்வர்ட் ஸ்கின்னர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி அது விரிவாக்கப்பட்டது.

அங்கு நடக்கும் கேளிக்கைகள் நமக்குரியவையல்ல. ஆயினும் அதன் அமைப்பில் நமக்கொரு பாடமுண்டு. மின்விசிறியும் குளிரூட்டியும் இல்லாத காலத்தில் அதைக் கட்டியவர்கள் கடற்காற்றையே நம்பினார்கள். கூரையை உயர்த்தினார்கள், சூடேறிய காற்று மேலே போய்விடும். அகன்ற விறாந்தை வைத்தார்கள். வெயிலும் மழைச்சாரலும் அறைச் சுவரை எட்டுவதில்லை. கடலை நோக்கி முற்றத்தைத் திறந்து விட்டார்கள். காற்று தடையின்றி உள்ளே வரும்.

இவையெல்லாம் வெள்ளையரின் புதுமைகளல்ல. பக்தாத், டமஸ்கஸ் நகரங்களின் பழைய முஸ்லிம் வீடுகளைப் பாருங்கள். தெருப்பக்கம் மூடிய சுவர்; உள்ளே வானம் பார்த்த முற்றம். பெண்கள் பர்தாவையும் பேணினர், காற்றும் வெளிச்சமும் பெற்றனர். நம் மூத்தவர்களின் வீடுகளிலும் திண்ணையும் நடுமுற்றமும் இருந்தன.

இன்றோ, மகளுக்கு வீடு கட்டும்போது எல்லை மதில்வரை அறைகளை இழுக்கிறோம். அந்நியர் பார்வை படுமென்று யன்னலை அடைக்கிறோம். ஆண்கள் கடைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். குசினிப் புகையிலும் புழுக்கத்திலும் பகல் முழுவதும் இருப்பவள் அவள்தானே! பர்தா கடமை; புழுக்கம் கடமையல்ல.

விசாலமான வீட்டை மனிதனின் நற்பாக்கியங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக இப்னு ஹிப்பானில் பதிவாகியுள்ளது. விசாலம் பணத்தால் மட்டும் வருவதல்ல. சிறு காணியிலும் நடுவே கொஞ்சம் திறந்தவெளி, எதிரெதிரே யன்னல்கள், சுவரின் உயரத்தில் காற்றுத் துவாரங்கள் வைக்கலாம். யன்னலை முற்றத்துப் பக்கம் திருப்பினால் மறைப்பும் கிடைக்கும்.

அந்த ஹோட்டலுக்கு முன்னுள்ள கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலனுக்காக அதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரை வேண்டி அங்கே கல்லில் பொறித்து வைத்தார். எங்கிருந்தோ வந்த ஒரு தேசாதிபதி நினைத்ததைப் பெற்ற வாப்பா நினைக்க வேண்டாமா?

சகோதரிகளே, அத்திவாரம் வெட்டிய பிறகு பேசிப் பயனில்லை. வரைபடம் கீறும்போதே உங்கள் தேவையைச் சொல்லுங்கள். அல்லாஹ் நமது இல்லங்களை விசாலமாக்கி, அவற்றில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.