ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயினும் நம் வீட்டுச் சாப்பாடும்

லேபர் கேம்ப் பகுதியில் "குடி" என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார்களின் முகம் சுருங்கும். அதில் நியாயம் இருக்கிறது. சம்பள நாளன்று கரைந்துபோன கூலியையும், 2015 ஜூன் மாதம் மலாட் மால்வணியில் விஷச் சாராயம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததையும் நாம் மறந்துவிட முடியாது. அப்படியிருக்க ஒயினைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம்.

காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பலர் வெளிநாடுகளிலும், கப்பல்களிலும், பெரிய ஓட்டல்களிலும் பணிபுரிகிறார்கள். விடுமுறையில் வரும்போது ஒரு ஸ்பெயின் ஒயின் பாட்டில் வீட்டுக்கு வருகிறது. ஒன்று, அது அலமாரியில் பல ஆண்டு தூங்குகிறது. அல்லது சோடாவும் ஐஸும் கலந்து பிராந்தியைப் போல ஒரே மூச்சில் காலியாகிறது. இரண்டுமே வீண். பரிமாறும் தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கோ இது வயிற்றுப்பாட்டுக்கு உதவும் அறிவு.

ஸ்பெயினின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின் வடபகுதியிலுள்ள ரியோஹா வட்டாரத்தில் தயாராகிறது. முக்கியத் திராட்சை டெம்ப்ரனீயோ. "சீக்கிரம்" என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். மற்ற இனங்களுக்கு முன்பே பழுத்துவிடும். நம் நாசிக் வட்டாரத்திலும் இந்தக் கொடி இப்போது பயிராகிறது.

இந்த ஒயினை உலகறியச் செய்ததில் ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என்னைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்குப் பெருமை. போர்காட் மலைப்பாதை திறக்கப்பட்ட அதே 1863-ஆம் ஆண்டில், பில்பாவோ துறைமுகத்திலிருந்து ரியோஹாவின் ஆரோ நகருக்கு ரயில் வந்தது. அதன் பொறியாளர் சார்லஸ் விக்னோல்ஸ். மாட்டுங்கா, சயான் வழித்தடத்தில் நாம் பார்க்கும் அடி தட்டையான தண்டவாள வகைக்கு அவர் பெயரே வழங்குகிறது. அந்தக் காலகட்டத்தில் ஒரு வகைப் பூச்சி பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பிரெஞ்சு வணிகர்கள் சரக்குத் தேடி ரியோஹாவுக்கு வந்தனர். பீப்பாய்களை நேரே வண்டியில் ஏற்ற வசதியாக ஆரோ நிலையத்தைச் சுற்றியே ஒயின் சாலைகள் எழுந்தன. 1877-இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பாட்டிலில் உள்ள சொற்களையும் தெரிந்துகொள்வோம். "கிரியான்சா" என்றால் குறைந்தது 2 ஆண்டு பக்குவப்பட்டது. "ரெசெர்வா" 3 ஆண்டு. "கிரான் ரெசெர்வா" 5 ஆண்டு. முதல் இரண்டும் குறைந்தது ஓராண்டும், கடைசி வகை 2 ஆண்டும் 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். வனிலா போன்ற அந்த மணம் மரம் தந்தது.

கோவா போர்ட் ஒயினின் இனிப்பை எதிர்பார்த்துக் குடிப்பவர் முகம் சுளிப்பார். இதில் இனிப்பு கிடையாது, புளிப்பும் துவர்ப்பும்தான். துவர்ப்பு நமக்குப் புதிதல்ல: நாவல்பழம், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு எல்லாம் அந்தச் சுவைதானே! திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நாக்கு வறள்கிறது. கடுந்தேநீரில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குகிறதல்லவா? பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. இறைச்சியும் ஒயினுக்கு அதே வேலையைச் செய்கிறது. உப்பும் துவர்ப்பை மட்டுப்படுத்தும். ரியோஹாவில் திராட்சைச் சுள்ளி நெருப்பில் ஆட்டுக்குட்டி விலா எலும்பை வாட்டி இந்த ஒயினோடு உண்பது இதனால்தான்.

நம் சமையலில் எது பொருந்தும்? மிளகு சேர்த்த மட்டன் சுக்கா, ஈரல் வறுவல், நெஞ்செலும்பு வறுவல், கொத்துக்கறி ஆகியவை நன்கு சேரும். ஆனால் மிளகாயைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூண்டும். எரியும் நாக்குக்கு ஒயினில் கசப்பு மட்டுமே தெரியும். சைவர்களுக்குக் காளான் வறுவல், கத்தரிக்காய்ப் பொரியல், வறுத்த பனீர். புளிக்குழம்பு ஒயினின் புளிப்பை அமுக்கிச் சப்பென்றாக்கிவிடும். கேசரி, பாயசத்தோடு குடித்தால் துவர்ப்புதான் மிஞ்சும். கருவாடும் மீன் குழம்பும் வேண்டவே வேண்டாம். சிவப்பு ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீனோடு சேரும்போது கவிச்சு வாடையைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தார்கள்.

சூடு முக்கியம். "அறை வெப்பத்தில் பரிமாறுக" என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைக்குச் சொன்னது. நம் தகரக் கூரை வீட்டுக்கல்ல. 16 முதல் 18 டிகிரி போதும். குளிர்ப்பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்து எடுக்கலாம். ஐஸ் போட வேண்டாம். தம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, முதலில் முகர்ந்து, பிறகு சிறு மிடறாக, சாப்பாட்டுக்கு நடுவே பருக வேண்டும். மீதியைத் தக்கையிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதன்பின் காற்றுப்பட்டுச் சுவை கெடும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 13.5 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 20 மில்லி ஆல்கஹால் உள்ளது. ஏறக்குறைய 47 மில்லி விஸ்கிக்குச் சமம். ஒரு 750 மில்லி பாட்டிலைத் தனியாளாக முடிப்பவர் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான விஸ்கி குடித்தவரே ஆவார். "ஒயின் இருதயத்துக்கு நல்லது" என்ற பேச்சையும் விட்டுவிடலாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குடிப்பவருக்குப் பர்மிட்டும் தேவை.

பழக்கமில்லாதவர் இதற்காகப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டால், நாலு பெரியவர்கள் கூடியிருக்கும் ஞாயிறு மதியச் சாப்பாட்டில், இலைக்கு ஒரு சிறு தம்ளர் என்று பகிர்ந்து, அத்துடன் நிறுத்துங்கள். மறைத்துக் குடிப்பதுதான் நம் வீடுகளைக் கெடுத்தது. எல்லோர் முன்னிலையிலும் அளவோடு வைக்கும் தம்ளருக்கு, மனைவி மக்கள் பயப்பட வேண்டியிராது.