கல்லில் படரும் ஊதா நிறம்: கடல் மீன் தொட்டித் தொழிலில் பராமரிப்பே வருமானம்

அலங்கார மீன் வியாபாரம் என்றதும் கப்பி, கோல்ட் பிஷ், ஏஞ்சல் போன்ற நன்னீர் மீன்களே நம்மவர்களின் நினைவுக்கு வருகின்றன. கடல் மீன் தொட்டி என்றால் செலவு கூடியது, கையைச் சுடும் என்று பலர் ஒதுங்கி விடுகின்றனர். கொழும்பில் பல வருடங்களாகத் தொட்டி அமைத்துப் பராமரித்து வருபவன் என்ற வகையில் நான் சொல்வது, தொட்டியை விற்கும்போது கிடைப்பது ஒரு நாள் இலாபம். மாதாமாதம் அதைப் பராமரிப்பதில் வருவதே நிலையான வருமானம். அந்த வருமானம் தொடருமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒரு சிறிய பாசி. அதன் பெயர் கொரலைன்.

வாடிக்கையாளர் கேட்பது என்ன?

ஹோட்டல் முகாமையாளரோ புதுவீடு கட்டிய ஹாஜியாரோ தொட்டி கேட்டு வரும்போது பெரும்பாலும் கையில் ஒரு படம் இருக்கும். அதில் கற்களெல்லாம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக இருக்கும். "இந்தக் கலர் கல்லுதான் எனக்கு வேணும்" என்பார்கள். அது கல்லின் நிறமும் அல்ல, சாயமும் அல்ல. கல்லின் மேல் மெல்லிய ஓடு போலப் படரும் ஒரு சிவப்புப் பாசி இனம். நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துச் சுண்ணாம்பாகத் தன் உடலில் படிய வைக்கிறது. கடலில் முருகைக்கற் பாறைகளை ஒட்டி உறுதியாக்குவதிலும் இதற்குப் பெரும் பங்குண்டு.

நாம் வைப்பதோ காய்ந்த வெள்ளைக் கல். முதலில் கபில நிறப் பாசி வரும், பின்னர் பச்சை வரும். ஊதாப் புள்ளிகள் தென்படவே சில மாதங்கள் ஆகலாம். கல் மூடப்பட ஒரு வருடமும் எடுக்கலாம். வாடிக்கையாளர் மனம் தளர்ந்து தொட்டியைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். ஆகவே, பணம் வாங்கும் அன்றே இந்தக் கால எல்லையைச் சொல்லிவிட வேண்டும்.

குறுக்கு வழி வேண்டாம்

கடலிலிருந்தே நிறமுள்ள கல்லைக் கொண்டுவந்து தருவதாகச் சிலர் வருவார்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்கிறது. ஒரு தொட்டிக்காக நீதிமன்றப் படி ஏறுவது வியாபாரமாகாது. போத்தலில் விற்கப்படும் பாசி வித்துகளை மட்டும் நம்புவதும் வீண். நீர் சரியில்லாத தொட்டியில் எதை ஊற்றினாலும் வளராது.

நீரின் வரவு செலவு

கொரலைனுக்குத் தேவையான அளவுகள் இவை: கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350 வரை, காரத்தன்மை 8 முதல் 10 டீகேஎச், வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ், உப்பின் தன்னீர்ப்பு 1.025. சுத்தமான கடல் நீரில் கல்சியம் 410 அளவிலும் காரத்தன்மை 7 அளவிலும் இயற்கையாகவே உண்டு. ஆனால் மழைக்காலத்தில் ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகில் எடுக்கும் நீரில் உப்புக் குறைந்து சேறும் கலந்திருக்கும்.

பாசி வளர வளர இந்த இருப்புக் குறையும். கடைக் கணக்கைப் போலவே இதிலும் கணக்குண்டு: காரத்தன்மையில் 2.8 செலவாகும்போது கல்சியத்தில் 20 செலவாகிறது. கல்சியத்தின் இருப்புப் பெரிது, காரத்தன்மையின் இருப்புச் சிறிது. எனவே முதலில் தீர்வது காரத்தன்மையே. நான் அதை வாரத்துக்கு இரு தடவை பரிசோதிப்பேன், மற்றவற்றை மாதமிரு தடவை.

குறைந்ததை நிரப்ப விலையுயர்ந்த போத்தல்கள் தேவையில்லை. 100 லீற்றர் நீரின் காரத்தன்மையை 1 உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சுத்தமான அப்பச்சோடா போதும். அதே நீரில் கல்சியத்தை 10 மில்லிகிராம் உயர்த்த, கடையில் கிடைக்கும் இருநீரேற்றுக் கல்சியம் குளோரைட்டு சுமார் 3.7 கிராம் போதும். இரண்டையும் தனித்தனியே கரைத்து, வெவ்வேறு நேரத்தில் ஊற்ற வேண்டும். ஒன்றாக ஊற்றினால் வெண்மையாகத் திரண்டு அடியில் படிந்துவிடும். காரத்தன்மையை ஒரே நாளில் 1 இற்கு மேல் உயர்த்தவும் கூடாது. மக்னீசியம் குறைந்திருந்தால் எவ்வளவு கல்சியம் ஊற்றினாலும் நிற்காது.

2022 இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதிப் போத்தல்களையே நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை எங்கள் துறை நன்றாகவே உணர்ந்தது.

விதைப்பும் காவலும்

நன்கு வளர்ந்த தொட்டியொன்றிலிருந்து நிறம் படர்ந்த ஒரு சிறு கல்லோ, ஓட்டில் பாசி படிந்த ஒரு நத்தையோ போதுமான விதையாகும். கண்ணாடியில் படியும் கொரலைனைச் சுரண்டும்போது வரும் தூளை எறிந்துவிடாமல் நீரோட்டத்தில் கலக்க விட்டால் அது மற்றக் கற்களிலும் பற்றும். நத்தைகள் பச்சைப் பாசியைத் தின்று இடம் விட்டுக் கொடுக்கும். கடல் முள்ளெலியோ கொரலைனையே சுரண்டித் தின்னும், ஆகவே ஆரம்பத்தில் அது வேண்டாம்.

பொஸ்பேற்று கூடினால் சுண்ணாம்பு படிவது தடைப்படும், பச்சைப் பாசியும் முந்திக்கொள்ளும். இதற்கு முக்கிய காரணம் மீனுக்கு அளவுக்கு மீறி உணவு போடுவது. ஹோட்டல்களில் ஆளுக்கொரு பிடி போடுவார்கள். உணவைப் பூட்டி வைத்து ஒருவரிடம் மட்டும் பொறுப்புக் கொடுங்கள். கடும் வெளிச்சமும் தேவையில்லை. திடீரெனப் பலமான விளக்குப் பொருத்தினால் படர்ந்த பாசி வெளுத்துவிடும்.

பதிவுப் புத்தகம்

இத்தொழிலில் இறங்க விரும்புவோருக்கு என் ஆலோசனை இது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சிறு புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு வருகையிலும் அளவுகளைத் திகதியுடன் எழுதி வாடிக்கையாளரின் ஒப்பம் வாங்குங்கள். மாதமொரு முறை அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து ஒட்டுங்கள். நான்காம் மாதம் முதற் புள்ளி தோன்றும்போது, இதுவரை எதற்குப் பணம் கொடுத்தோம் என்பதை அவர் தன் கண்ணாலேயே காண்பார். அதன் பின் பராமரிப்பு ஒப்பந்தத்தை நிறுத்துமாறு அவர் சொல்வது அரிது. அடுத்த தொட்டிக்கு ஆளை அனுப்புபவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.