வால்வு ஸ்பிரிங்கும் தலையாட்டி பொம்மையும்

மேட்டூர் அணை திறக்கும் முன்பே குறுவை நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்ச, டெல்டா விவசாயிகள் பலர் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கிறார்கள். மின் இணைப்பு இல்லாத வயலில் டீசல் இன்ஜின்தான் துணை. அது நின்றால் நாற்று வாடும். அந்த இன்ஜினுக்குள் இருக்கும் சிறிய வால்வு ஸ்பிரிங், அறிவியல் வகுப்புக்கு ஒரு நல்ல பாடம்.

நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் நான்கு வீச்சு இன்ஜினில், இரு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வும் திறந்து மூடும். அதாவது மணிக்கு 45,000 முறை. திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங்.

1885-இல் டைம்லர் உருவாக்கிய இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்றே ஓடியது. பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலே அதன் உள்வழி வால்வைத் திறந்தது. மூடுவதற்கு மெல்லிய ஸ்பிரிங் போதுமானதாக இருந்தது. 1901-இல் வந்த மெர்சிடிஸ் காரில் உள்வழி வால்வையும் கேமே இயக்கியது. வேகம் கூடக்கூட, கேம் விலகும் விரைவுக்கு ஈடாக ஸ்பிரிங்கால் வால்வை மூட முடியவில்லை. விறைப்பான ஸ்பிரிங் பொருத்தினால் கேம் தேய்ந்தது. ஸ்பிரிங்கும் உடைந்தது.

வலுவான ஸ்பிரிங் ஏன் உடைய வேண்டும்? விடை தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் இருக்கிறது. பொம்மையை அதன் ஆட்டத்துக்கு இசைவாக மெல்லத் தட்டினால் ஆட்டம் பெருகும். இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை தட்டினாலும் ஆட்டம் ஓயாது. தாளம் தவறித் தட்டினால் அடங்கிவிடும். இதுவே ஒத்ததிர்வு. ஸ்பிரிங்குக்கும் ஓர் இயல் அதிர்வெண் உண்டு. கேமின் தட்டல் அதனோடு பொருந்தும் வேகத்தில் சுருள்களுக்குள் அலை எழும்பி, கம்பி தாங்க வேண்டியதைவிட அதிகமாக முறுக்கப்படுகிறது.

காரணம் தெரிந்ததும் தீர்வுகள் பிறந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக இரு ஸ்பிரிங்குகளைப் பொருத்தினார்கள். இரண்டின் இயல் அதிர்வெண்ணும் வேறு என்பதால் இரண்டும் ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வைத் தாங்கும். சுருள்களின் இடைவெளியை ஒரு முனையில் நெருக்கமாக அமைத்தார்கள். ஸ்பிரிங் அமுங்கும்போது அந்தச் சுருள்கள் ஒட்டிக்கொள்ள, இயல் அதிர்வெண்ணே மாறிவிடுகிறது; அலை வளர வழியில்லை. பந்தயக் கார்களான 1914-இன் டெலாஜும் 1954-இன் மெர்சிடிஸும் வால்வை மூடவும் கேமையே பயன்படுத்தின.

இன்னொரு காரணம் உலோகச் சோர்வு. ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தும் கம்பி இறுதியில் முறிவதைப் போல, கம்பியின் மேற்பரப்பிலுள்ள நுண்கீறல் லட்சக்கணக்கான அசைவுகளில் வளர்கிறது. சிறு உலோகக் குண்டுகளை வேகமாக மோதவைத்து மேற்பரப்பை இறுக்கினால் கீறல் விரிவது கடினம் என்பதைக் கார்த் தொழில் கண்டறிந்தது. இன்றும் வால்வு ஸ்பிரிங்குகள் இம்முறையில் பதப்படுத்தப்படுகின்றன.

வகுப்பறையில் பொம்மையை மாணவர்களே தட்டிப் பார்க்கட்டும். ஆட்டம் பெருகுவதும் அடங்குவதும் எப்போது என அவர்களே குறிக்கட்டும். பிறகு, “உடைந்த ஸ்பிரிங்குக்கு மாற்றாக இன்னும் தடித்த ஸ்பிரிங் போட்டால் போதுமா?” என்று கேளுங்கள். வலுவைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.